விஸ்டா: அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் மின்னணுப் பதிவேடு

விஸ்டா என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முன்னாள் படைவீரர் நலத்துறை தன் மருத்துவமனைகளுக்காக உருவாக்கிய மின்னணு மருத்துவப் பதிவேட்டு முறையாகும். நோயாளியின் நோய் வரலாறு, ஆய்வுக்கூட முடிவுகள், மருந்துகள், ஒவ்வாமைகள், மருத்துவர் குறிப்புகள் ஆகியவற்றை ஒருசேரத் திரட்டி, சிகிச்சை அளிப்போர் வேண்டும்போது திரையில் காணத் தருவது மின்னணு மருத்துவப் பதிவேடு. அப்பதிவுகளைச் சிகிச்சை முடிவுகளுக்குப் பயன்படுமாறு ஒழுங்குபடுத்தி ஆராயும் துறை மருத்துவத் தகவலியல். அரசுக் கணினித் திட்டங்கள் பெரும்பாலும் தலைமையகத்தில் வகுக்கப்பட்டு வார்டுகளுக்கு அனுப்பப்படுபவை. விஸ்டாவோ வார்டுகளில் பிறந்து, தலைமையகம் தடுத்தபோதும் வளர்ந்து, பின்னரே அதன் ஒப்புதலைப் பெற்றது.

இதன் தொழில்நுட்ப வேர் பாஸ்டன் நகரில் உள்ளது. அங்குள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஆக்டோ பார்னெட் நடத்திய ஆய்வுக்கூடத்தில், நீல் பாப்பலார்டோவும் உடன் பணியாற்றியோரும் 1966, 1967 ஆண்டுகளில் மம்ப்ஸ் என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். நிரலும் தரவுக் கிடங்கும் ஒன்றாகவே அமைந்த இம்மொழி, அக்காலத்துச் சிறுகணினி ஒன்றில் பலர் ஒரே நேரத்தில் வேலை செய்ய இடமளித்தது. தரவுகளை மரக்கிளைபோல் பிரித்து அடுக்கும் அதன் முறை மருத்துவத்துக்கு நன்கு பொருந்தியது: ஒருவருக்கு மூன்று சோதனைகளும் இன்னொருவருக்கு முந்நூறு சோதனைகளும் நடந்திருந்தால், நடந்தவை மட்டுமே நினைவகத்தில் இடம்பிடிக்கும், நடக்காதவற்றுக்கென வெற்றுக் கட்டங்கள் ஒதுக்கப்படுவதில்லை. கணினி அறிஞர் பலர் இதைப் பழம்பாணி என்று ஒதுக்கிய போதிலும், இன்று அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக வழங்கும் எபிக் நிறுவனத்தின் மென்பொருளும் இம்மொழியின் வழிவந்த தரவுத்தளத்தின் மீதே இயங்குகிறது.

1970களின் பிற்பகுதியில் டெட் ஓநீல், மார்ட்டி ஜான்சன் ஆகிய இரு அலுவலர்கள், இம்மொழியைக் கற்ற நிரலாளர்களை ஆங்காங்குள்ள படைவீரர் மருத்துவமனைகளில் அமர்த்தி, மருத்துவர்களோடும் செவிலியரோடும் மருந்தாளுநரோடும் உட்கார்ந்து சிறு சிறு மென்பொருள்களை எழுதச் செய்தனர். 1978இல் ஓக்லஹோமா நகரில் கூடிய இக்குழுவினர், ஒரு மருத்துவமனையில் எழுதிய நிரல் மற்றொன்றிலும் இயங்குவதற்கான பொது விதிகளை வகுத்தனர். ஜார்ஜ் டிம்சன் உருவாக்கிய ஃபைல்மேன் என்ற கருவி, நிரல் எழுதத் தெரியாதவர்களும் திரையில் தோன்றும் கேள்விகளுக்கு விடையளித்தே புதிய கோப்பு ஒன்றை அமைக்க வழிசெய்தது. கணினிகள் யாவும் தன் மையக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று கருதிய துறையின் கணினிப் பிரிவு இம்முயற்சியை முடக்க முனைந்தது. ஓநீல் பதவி இழந்தார். எஞ்சியோர், அடிமைகளைத் தப்புவித்த பழைய மறைவழி வலைப்பின்னலின் பெயரால் தங்களை ‘நிலத்தடி இரயில்பாதை’ என்று அழைத்துக்கொண்டு, உறுப்பினர் அட்டைகள்கூட அச்சிட்டு வைத்திருந்தனர். அப்போது துறையின் துணைத் தலைவராயிருந்தவரும் பிற்காலத்தில் பாதுகாப்புச் செயலராக உயர்ந்தவருமான சக் ஹேகல் இவர்கள் பக்கம் நின்றார். 1982இல் துறைத் தலைவர் ராபர்ட் நிம்மோ பிறப்பித்த ஆணை, பரவலாக்கப்பட்ட மருத்துவமனைக் கணினித் திட்டம் என்ற பெயரில் இதற்கு அரசு ஒப்புதல் அளித்தது.

1994 முதல் 1999 வரை துறையின் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய கென்னத் கைசரின் காலத்திலேயே விஸ்டா என்ற பெயரும், மருத்துவர் தாமே திரையில் மருந்தையும் சோதனையையும் எழுதும் முறையும் வந்தன. பரிந்துரைக்கப்படும் மருந்து நோயாளிக்கு ஒவ்வாததாயினும், ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்தோடு முரண்படுவதாயினும் திரை எச்சரிக்கும். தடுப்பூசி போடும் காலம் வந்துவிட்டால் நினைவூட்டும்.

விஸ்டாவின் கூறுகளுள் பெரும்புகழ் பெற்றது பார்கோடு வழி மருந்தளிப்பு. கேன்சஸ் மாநிலத்தின் டொபீகா மருத்துவமனைச் செவிலியரான சூ கின்னிக், வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் அதன் பார்கோடைக் கருவியால் படித்துக் கணக்கை முடித்ததைக் கண்டு, இதையே வார்டிலும் செய்யலாமே என்று கேட்டதிலிருந்து இது தொடங்கியது. செவிலியர் முதலில் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் பின்பு மருந்துப் பொட்டலத்தையும் ஸ்கேன் செய்ய, ஆள், மருந்து, அளவு, வேளை ஆகியவை பொருந்துகின்றனவா என்று கணினி சரிபார்க்கும். மருத்துவர் சற்று முன்பு நிறுத்திய மருந்தாயின் அதையும் தெரிவித்துவிடும். நாடெங்கும் இது 2000ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்தது. ஆயினும் பட்டை கசங்கினாலோ, நோயாளி உறங்கினாலோ, பார்கோடின் நகலை வேறோரிடத்தில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்யும் குறுக்குவழிகளும் மருத்துவமனைகளில் தோன்றின என்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்துள்ளனர். வேலைப்பளுவைக் கணக்கில் கொள்ளாத பாதுகாப்பு முறை எதற்கும் இக்கதி நேரக்கூடும்.

பயன் எவ்வளவு என்பதற்கு ஆய்வுச் சான்றுகள் உள்ளன. 2004இல் வெளியான ஓர் ஒப்பாய்வின்படி, பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சைகளுள் இத்துறையின் நோயாளிகள் 67 விழுக்காட்டையும், பொது மக்களின் மாதிரிக் குழுவினர் 51 விழுக்காட்டையும் பெற்றிருந்தனர். இந்த வேறுபாட்டை மென்பொருளின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. கைசர் ஒவ்வொரு வட்டார நிர்வாகியையும் அளக்கத்தக்க இலக்குகளுக்குப் பொறுப்பாக்கினார். மேலும், படைவீரரை நெடுங்காலம் தன் பராமரிப்பிலேயே வைத்திருக்கும் துறைக்கு, இன்று போடும் தடுப்பூசியின் பலன் பின்னாளில் தனக்கே திரும்பி வரும். ஒவ்வொரு சேவைக்கும் தனிக் கட்டணம் வாங்கும் தனியார் மருத்துவமனைக்கு அந்த ஆதாயம் இல்லை.

2005இல் கத்ரீனா சூறாவளி நியூ ஆர்லியன்ஸைத் தாக்கியபோது, தனியார் மருத்துவர்களின் காகிதப் பதிவுகள் பல வெள்ளத்தில் அழிந்தன. இடம்பெயர்ந்த படைவீரர்களின் பதிவுகளோ பிற நகரங்களிலும் கிடைத்தன. அடுத்த ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அரசுப் புத்தாக்க விருது விஸ்டாவுக்குக் கிட்டியது. அரசின் செலவில் எழுதப்பட்ட நிரல் பொதுவுடைமை ஆதலால், ஜோர்டான் அரசு 2009இல் தொடங்கிய ஹக்கீம் திட்டம் அதையே அடித்தளமாகக் கொண்டது.

புகழ் பெருகிய அதே காலத்தில் மேம்பாட்டுப் பணி மையப்படுத்தப்பட்டது. வார்டுக்கும் நிரலாளருக்கும் இருந்த நெருக்கம் குறைந்தது. படைத்துறையின் பதிவேட்டோடு இணைந்த பொது முறை ஒன்றை உருவாக்கும் முயற்சி, ஏறத்தாழ 100 கோடி டாலர் செலவுக்குப் பின் 2013இல் கைவிடப்பட்டது. 2018இல் விஸ்டாவுக்கு மாற்றாக செர்னர் நிறுவனத்தின் மென்பொருளை நிறுவ 1,000 கோடி டாலர் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2020 அக்டோபரில் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் மருத்துவமனையில் அது முதலில் செயல்பாட்டுக்கு வந்தது. மருத்துவர் அனுப்பிய ஆணைகளுள் சேருமிடம் பொருந்தாதவை எவர் கண்ணிலும் படாத ஒரு வரிசையில் தேங்கியதையும், அவ்வாறு தேங்கியவை 11,000க்கும் மேல் என்பதையும், அதனால் நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்ததையும் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022இல் வெளிப்படுத்தியது. 2023 ஏப்ரலில் புதிய இடங்களுக்கு விரிவாக்கும் பணி நிறுத்தப்பட்டது. அந்நிலையில் துறையின் மிகப் பெரும்பாலான மருத்துவமனைகள் விஸ்டாவிலேயே இயங்கிவந்தன.