திருவேற்காட்டில் கலக்கும் கழிவு, கடலில் டைவர்களின் காதை பாதிக்குமா? முழு விளக்கம்

நீலாங்கரை, கோவளம் பக்கம் வார இறுதியில் ஸ்கூபா டைவிங் போறவங்க எண்ணிக்கை கூடிட்டே இருக்கு. ஆனா நாம குதிக்கிற தண்ணி எங்கிருந்து வருது? அதில் ஒரு பங்கு திருவேற்காடு வழியாகத்தான் வருகிறது.

கூவம் கடலுக்கு போகும் வழி எது?

கேசவரம் அணைக்கட்டில் தொடங்கும் கூவம் ஆறு, திருவேற்காடு, மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை, சேத்துப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டை வழியாக ஓடி, நேப்பியர் பாலம் அருகே வங்கக்கடலில் கலக்கிறது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவம்தான் நாட்டிலேயே மிக மோசமாக மாசடைந்த ஆற்றுப்பகுதி. அங்கே பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 345 மில்லிகிராம். கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படுகிறது என்பதைக் காட்டும் அளவு இது. குளிக்கத் தகுந்த தண்ணீரில் இது 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அதாவது 100 மடங்குக்கும் மேல்!

கடல் உப்பு கிருமியைக் கொன்னுடாதா?

பாதி உண்மை. உப்பும் வெயிலும் பல பாக்டீரியாக்களைக் கொல்லும். ஆனால் அதற்கு நேரம் பிடிக்கும். தண்ணீர் கலங்கியிருந்தால் வெயில் உள்ளே இறங்காது. சில வைரஸ்கள் இன்னும் அதிக நாள் தாக்குப்பிடிக்கும். அடியில் படியும் சேற்றில் கிருமிகளுக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது.

சாதாரண நாட்களில் கூவத்தின் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். பெருமழை வரும்போது, தேங்கிய கழிவு மொத்தமாக கடலுக்குள் தள்ளப்படும். வடகிழக்கு பருவமழை காலத்தில் கடலோர நீரோட்டம் பெரும்பாலும் தெற்கு நோக்கி ஓடும். மெரினா, நீலாங்கரை, கோவளம் எல்லாம் அந்தத் திசையில்தான் இருக்கின்றன. வழியில் அடையாறும் தன் பங்கைச் சேர்க்கிறது. தூரம் போகப் போக கழிவு நீர்த்துப்போகும். எவ்வளவு என்பது பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

டைவருக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

கரையில் கால் நனைப்பவரை விட டைவர் அதிக நேரம் முழுசாக தண்ணீருக்குள் இருக்கிறார். அதுவும் சேறு இருக்கும் அடிமட்டத்தில்.

• காது: ஈரத்தில் ஊறிய காதுக்குழாயின் தோல் மென்மையாகி கிருமி நுழையும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்காகும். சைனஸ் தொற்றோ சளியோ இருந்து மூக்கு அடைத்திருந்தால் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. செவிப்பறை கிழியும் அபாயம் உண்டு.
• வயிறு: ரெகுலேட்டரின் வாய்ப்பகுதி வழியாக ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்.
• தோல்: வெட்சூட்டுக்குள் புகும் தண்ணீர் உடம்போடு ஒட்டியே இருக்கும். சின்ன கீறல் இருந்தாலும் தொற்று வரலாம்.

எண்ணெய் கலந்தால் என்ன ஆகும்?

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது மணலி தொழிற்பகுதியிலிருந்து வந்த எண்ணெய் எண்ணூர் கழிமுகத்தை மூடியது. எண்ணெய்ப் படலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். மேலே வந்து மூச்சு வாங்கும்போது அதன் ஆவி உள்ளே போகும். வெட்சூட்டின் ரப்பரையும் கெடுக்கும்.

கடல் தண்ணீருக்கு அளவுகோல் இருக்கா?

இருக்கு. குளியலுக்கும் நீர் விளையாட்டுக்கும் ஏற்ற கடல்நீரை மத்திய வாரியம் 'எஸ்.டபிள்யூ-2' என வகைப்படுத்துகிறது. அதில் மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா 100 மில்லிலிட்டருக்கு 100-ஐத் தாண்டக் கூடாது. 2021-ல் நீலக்கொடி சான்று பெற்றது கோவளம் கடற்கரை. தண்ணீர் பரிசோதனை முடிவை மக்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்பது அந்தச் சான்றின் நிபந்தனை. ஆனால் அது குளிக்கும் பகுதிக்கான முடிவு. படகில் போய் டைவ் அடிக்கும் இடத்துக்கு அதையே அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

டைவ் போகும் முன் என்ன பார்க்கணும்?

• பெருமழைக்குப் பிறகு 3 நாளாவது காத்திருங்கள். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நிர்வாகமும் மழைக்குப் பின் முகத்துவாரங்கள் அருகே 72 மணி நேரம் கடலில் இறங்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது.
• தண்ணீர் தெளிவா இருக்கு என்பதால் சுத்தமா இருக்கு என்று அர்த்தம் இல்லை. பயிற்சி மையத்திடம் கடைசியாக எப்போது தண்ணீரைப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள்.
• காயம், சளி, காது வலி இருந்தால் அன்று இறங்க வேண்டாம்.
• முடிந்ததும் நல்ல தண்ணீரில் குளித்து காதைத் துடைத்து உலர விடுங்கள். வாடகை ரெகுலேட்டர், மாஸ்க் கழுவியதுதானா என்று பாருங்கள்.
• இரண்டு நாளில் காது வலியோ காய்ச்சலோ வந்தால், கடலில் டைவ் செய்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

திருவேற்காட்டுக்காரர்கள் என்ன செய்யலாம்?

பாதாள சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளில் செப்டிக் டேங்க் கழிவை லாரிதான் எடுத்துப் போகிறது. அந்த லாரிக்கு உரிமம் இருக்கிறதா, சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டுகிறதா என்று கேளுங்கள். ஆற்றோரம் கொட்டுவதைப் பார்த்தால் நகராட்சியில் புகார் கொடுங்கள். இங்கே நிறுத்தும் ஒரு லோடு, அடுத்த மழையில் கடலுக்குப் போகாது.