கடைசியாக மிஞ்சிய ஒரே ஒரு செடி

காமர்ஸ் படிக்கிறவனுக்கு ஆர்க்கிட் பூவோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது நண்பர்களே! ஒரு பொருளுக்கு கிராக்கி கூடினால் விலை ஏறும், விலை ஏறினால் உற்பத்தி கூடும், பிறகு விலை இறங்கும். முதல் வருடப் பாடம் இது. ஆனால் அந்தப் பொருளை உற்பத்தி செய்ய உலகத்தில் ஒருவருக்குமே தெரியாது என்றால் என்ன ஆகும்? 19ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிட் செடிகளுக்கு நடந்தது அதுதான்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துப் பணக்காரர்களுக்கு ஆர்க்கிட் பித்து பிடித்திருந்தது. கண்ணாடி வீடு கட்டி வளர்ப்பார்கள், லண்டனில் ஏலம் போட்டு வாங்குவார்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். 1850இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியலாளர் நம் நாட்டின் காசி மலைகளுக்குப் போனார் (இன்றைய மேகாலயா). அங்கே நீல வாண்டா என்ற ஆர்க்கிட்டை ஏழு ஆள் சுமை அளவுக்குப் பறித்து கியூ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார். உயிரோடு போய்ச் சேர்ந்தவை மிகச் சில. இடம் தெரிந்துகொள்ள அவரோடு தன் தோட்டக்காரரை அனுப்பிய இன்னொருவர் ஒரே ஒரு ஆள் சுமையை அனுப்பினார். அது வாடி வதங்கிப் போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு விற்றது. செடி ஒன்றுக்கு 3 முதல் 10 பவுண்டு! இதையெல்லாம் எழுதி வைத்தவர் ஹூக்கரேதான். முனைப்பான ஒரு ஆள் ஒரே பருவத்தில் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம் என்றும் சேர்த்தே எழுதினார். பிறகு கேட்க வேண்டுமா?

விதை போட்டு வளர்க்க வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். நெல்லிலோ அவரையிலோ இருப்பதுபோல முளைக்குச் சாப்பாடு உள்ளே கிடையாது. மண்ணிலோ மரப்பட்டையிலோ இருக்கும் ஒரு வகைப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். இதை நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்ததே 1899இல்தான். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன், சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்த அகார் கூழில் பூஞ்சையே இல்லாமல் முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். அதுவரை பெரும்பாலும் வாங்கியது, விற்றது எல்லாமே காட்டிலிருந்து பிடுங்கியதுதான்.

சரி, தலைப்புக்கு வருவோம்.

வெளிநாட்டு ஆர்க்கிட்டுக்கு மட்டும் இந்த கதி இல்லை. இங்கிலாந்தின் சொந்த ஆர்க்கிட் ஒன்று உண்டு. 'லேடீஸ் ஸ்லிப்பர்' என்பார்கள். கரும்பழுப்பு இதழ்களுக்கு நடுவே மஞ்சளாக ஒரு பை, பார்த்தால் குட்டிச் செருப்பு போலவே இருக்கும். தேன் இருக்கிறது என்று நம்பி தேனீ உள்ளே விழும், தேன் இருக்காது. பின்பக்கச் சந்து வழியாகத்தான் வெளியே வர முடியும், வரும்போது மகரந்தம் உடம்பில் ஒட்டிக்கொள்ளும். எமகாதகப் பூ!

1629இல் வெளிவந்த ஜான் பார்க்கின்சனின் தோட்டக்கலைப் புத்தகத்திலேயே இது இருக்கிறது. தாமசின் டன்ஸ்டால் என்ற பெண்மணி வடக்கு இங்கிலாந்துக் காட்டிலிருந்து அவருக்குச் செடிகளை அனுப்பியிருக்கிறார். செடி மேல் ஆசை வைத்தவர்கள்தான் முதலில் பிடுங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். பிறகு பூ விற்பவர்கள், தோட்டக்காரர்கள், உலர்த்தி ஒட்டி வைக்கும் சேகரிப்பாளர்கள் என்று வரிசையாக வந்தார்கள். 1917இல் இந்தச் செடி நாட்டில் அழிந்தே போய்விட்டது என்று அறிவித்துவிட்டார்கள்.

1930இல் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. ஒன்றே ஒன்று!

கண்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. இடம் பல்லாண்டு ரகசியமாகவே காக்கப்பட்டது. 1970களில் இருந்து பூக்கும் காலத்தில் ஆள் போட்டு இரவும் பகலும் காவல் காத்தார்கள். பயம் வீண் இல்லை. லங்காஷயரில் சில்வர்டேல் கோல்ஃப் மைதானத்தில் இருந்த இன்னொரு செடிக்குத் திருடர் தொல்லை வந்து, 2010இல் போலீஸ் காவலே போட வேண்டியதாயிற்று.

ஆனால் காவல் இருப்பதை இருக்கும்படி வைக்கும், அவ்வளவுதான். ஒன்றை இரண்டாக்காது. அதற்கு ஆய்வகம் வேண்டியிருந்தது. 1983இல் ராபர்ட் செய்ன்ஸ்பரி தம்பதியின் நிதியுதவியில் கியூ பூங்காவில் ஆர்க்கிட் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. நட்சனின் முறை மற்ற ஆர்க்கிட்டுகளுக்குப் போல இதற்குச் சுலபமாகப் பலிக்கவில்லை. கையால் மகரந்தம் வைத்து, காய் முற்றும் முன்பே பச்சையாகப் பறித்து, அந்த இளம் விதைகளைச் சத்துக் கூழில் இட்டபோதுதான் முளைத்தன. நாற்றுகளை மறுபடி காட்டில் நடத் தொடங்கினார்கள். அப்படி நட்டதில் முதல் செடி பூத்தது 2000ஆம் ஆண்டில். விதையிலிருந்து பூ வரை பத்து வருடத்துக்கு மேல் காத்திருக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த வேலை.

நட்டால் மட்டும் போதுமா? போதாது. இந்தச் செடிக்குச் சுண்ணாம்புக்கல் நிலம் வேண்டும், அரை நிழல் வேண்டும். மரம் அடர்ந்தால் வெளிச்சம் இல்லாமல் பூக்காது, ஆடு முயல் மேய்ந்தால் தண்டே மிஞ்சாது. அதனால் புதரை அளவாக வெட்டுவது, மேய்ச்சலைக் கட்டுப்படுத்துவது, நத்தையிலிருந்து நாற்றைக் காப்பது என்று இடத்தையும் சேர்த்தே சரிசெய்ய வேண்டும். லங்காஷயரின் கெய்ட் பேரோஸ் காப்பகத்தில் நட்ட செடிகளை இப்போது பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம். பூவைப் பார்க்க ஒரு இடம் இருந்தால், ரகசியச் செடியைத் தேடி அலைகிற கூட்டம் குறையும் அல்லவா?

நம் நீல வாண்டா என்ன ஆயிற்று? இந்தியா 1991 சட்டத் திருத்தத்தில் அதைப் பாதுகாக்கப்பட்ட தாவரமாக்கியது. இன்னொரு பக்கம் தாய்லாந்து போன்ற நாடுகளின் நாற்றுப் பண்ணைகள் அதை விதையிலிருந்தே ஏராளமாக வளர்த்தன. 2004இல் 'சைட்டிஸ்' என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலிலிருந்து அடுத்த பட்டியலுக்கு அதை மாற்றினார்கள். விற்பனைக்கு வருவது பெரும்பாலும் பண்ணைச் செடி என்பது முக்கியக் காரணம். உற்பத்தி செய்யத் தெரிந்ததும் பாடப்புத்தகம் பலிக்கிறது!

ஆனால் பண்ணையில் லட்சம் செடி இருப்பதால் காசி மலைக் காடு திரும்பி வந்துவிடாது. பண்ணை செய்வது திருட்டின் லாபத்தைக் குறைப்பது மட்டும்தான். காட்டில் மரமும் பூஞ்சையும் பூச்சியும் இருந்தால்தான் செடி தானே விதை போட்டுப் பெருகும். அந்த நாள்தான் மீட்பு. அதுவரை நடப்பதெல்லாம் பராமரிப்புச் செலவு.

எங்கள் கணக்குப் பாடத்தில் முதல் வேறு, வருமானம் வேறு. வட்டியைச் செலவழிப்பவன் பிழைப்பான், முதலைச் செலவழிப்பவன் ஓட்டாண்டி ஆவான். விதை என்பது வட்டி, காட்டுச் செடி முதல். ஒரு நாடே மூன்று நூறு வருடம் முதலைத் தின்று, கடைசியில் கையில் ஒற்றை ரூபாயோடு நின்றது. அந்த ஒற்றை ரூபாயை மறுபடி பெருக்க ஆய்வகம், காவல், அரை நூற்றாண்டுப் பொறுமை எல்லாம் தேவைப்பட்டன. எல்லாச் செடிக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அடுத்த முறை மலைப்பக்கம் சுற்றுலா போகும்போது யாராவது வேரோடு ஆர்க்கிட் விற்றால், எங்கே வளர்த்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்காதீர்கள்.