தாமிரபரணிப் படுகையில் காய்கறிச் சாகுபடியும் சொட்டுநீரும்: கிணற்றின் வழி வந்த மாற்றம்

மாஞ்சோலைத் தேயிலைக்கு மழையே போதுமானதாக இருந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் பம்பாய் பர்மா நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த மலை அது. அங்குள்ள நாலுமுக்கும் ஊத்தும் தமிழகத்தில் மிக அதிகமாக மழை பெறும் இடங்களுள் சேர்ந்தவை. அம்மலையின் ஓடைகளை வாங்கிக்கொள்ளும் மணிமுத்தாறு அணை 1958-இல் எழுந்தது. உயரம் 118 அடி. மலையில் இவ்வளவு நீர் இருந்தும், கீழே நாங்குநேரி, இராதாபுரம் பக்கம் வானம் பார்த்த பூமிதான். படுகையில் சொட்டுநீர் எங்கே வேரூன்றியது என்பதை இந்த முரணிலிருந்தே பார்க்கவேண்டும்.

ஆற்றங்கரையில் அது வேரூன்றவில்லை. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரையுள்ள எட்டு அணைக்கட்டுகளும் கார், பிசானம் என்னும் நெற்பருவங்களுக்கானவை. கால்வாயில் தண்ணீர் முறை வைத்து வரும். வந்தால் வயல் நிறையும். சொட்டுநீருக்கு வேண்டியதோ நாள்தோறும் கொஞ்சம் நீர், அதுவும் அழுத்தத்தோடு. அது கிணறு வைத்திருப்பவனுக்கே கைகூடும். சிற்றாற்றுப் படுகையின் பாவூர்சத்திரம், ஆலங்குளம், சுரண்டை வட்டாரங்களில் கமலை இறைத்த கிணறுகளில் மோட்டார் ஏறியபின் கத்தரியும் தக்காளியும் சின்ன வெங்காயமும் கேரளச் சந்தைக்கான பயிர்களாயின. 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானதும் இறைப்பு கூடியது, நீர்மட்டம் இறங்கியது.

இஸ்ரேலின் ஹட்செரிம் கிப்புட்ஸில் 1965-இல் வணிகப் பொருளாகிய சொட்டுநீர்க் கருவி, எழுபதுகளிலேயே கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திடலுக்கு வந்துவிட்டது. ஆனாலும் நெடுங்காலம் தென்னை, திராட்சை போன்ற அகல இடைவெளிப் பயிர்களோடு நின்றது. நெருங்கிய வரிசைக் காய்கறிக்கு ஏக்கருக்குக் குழாய் அதிகம் பிடிக்கும். நாலைந்து மாதப் பயிருக்கு அவ்வளவு முதல் போட யார் துணிவார்? இந்தத் தயக்கத்தை உடைத்தது 2004-05-இல் தருமபுரி, கிருஷ்ணகிரியில் 400 ஹெக்டேரில் தொடங்கிய துல்லியப் பண்ணையத் திட்டம். முதலாண்டு முழு மானியம், குழித்தட்டு நாற்று, நீரில் கரையும் உரம், விவசாயிகள் சங்கம் என எல்லாம் சேர்ந்தே வந்தன. குழாயை மட்டும் கொடுத்திருந்தால் பலன் இதே அளவு வந்திருக்காது என்பது என் கணிப்பு. பின்னர் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் என்ற மாநில மானியம் முறையைத் தெற்கே பரப்பியது.

வயலில் பார்த்தால் நுட்பம் எளிது. 16 மி.மீ. பக்கவாட்டுக் குழாய், செடிக்கு நேராகச் சொட்டி, உரம் கலக்க வென்சுரி. தொல்லை உப்பால் வருகிறது. ஆழ்குழாய்க் கிணற்று நீரின் சுண்ணாம்பு சொட்டியின் துளையில் வெள்ளையாகப் படியும். வடிகட்டியைக் கழுவாமலும், குழாயின் கடைமூடியைத் திறந்து அலசாமலும் விட்டால் வரிசையின் முன்பாதி செழிக்கும், பின்பாதி வாடும். அப்போது குழாயைச் சுருட்டி வரப்பில் போட்டுவிட்டு மறுபடி மடை திறப்பவர்கள் உண்டு.

நீர் மிச்சம் என்ற கூற்றையும் ஓர் எல்லையோடுதான் ஏற்கவேண்டும். மிச்சப்பட்ட நீரைக்கொண்டு பக்கத்துத் தரிசையும் பயிராக்கினால், வயல் கணக்கில் சிக்கனம், கிணற்றுக் கணக்கில் பழைய செலவுதான். மின்கட்டணம் இல்லாத இடத்தில் இதைத் தடுக்க ஏதுமில்லை.

ஆயக்கட்டில் காய்கறி போட நினைப்பவர்கள் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயி சான்றுடன் தோட்டக்கலை அலுவலகம் போகும்போது, துணை நீர் மேலாண்மைத் திட்டத்தில் தரைமட்ட நீர்த்தொட்டிக்கும் மானியம் உண்டு என்பதை நினைவில் வைத்து, குழாயோடு அதையும் சேர்த்துக் கேளுங்கள். முறைத் தண்ணீரைச் சேர்த்துவைக்க இடமிருந்தால்தான் அங்கே சொட்டுநீர் ஓடும்.