சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கும் உழவரின் நெல்லும்

காரைக்கால் என்றவுடன் மாங்கனி நினைவுக்கு வரும். பசித்து வந்த சிவனடியார் ஒருவருக்கு, கணவன் அனுப்பி வைத்த கனியை எடுத்து இலையில் இட்ட அம்மையாரின் ஊர் இது. ஆனித் திங்கள் தோறும் மாங்கனித் திருவிழா அச்செயலை நினைவூட்டுகிறது. பசித்தவன் வாசலில் நிற்கையில் வீட்டுக் கணக்குப் பார்த்தல் ஆகாது என்னும் அறம், நற்செய்தி இக்கரையை அடையுமுன்னரே இம்மண்ணில் வேரூன்றியிருந்தது. ஆகவே இரக்கத்தை இங்குக் கொண்டுவந்தவர் நாமே என்று கிறிஸ்தவ வரலாற்றாசிரியன் எழுதுவானாயின் அது பிழையாகும். நாம் கேட்கத்தக்க வினா வேறு: நம் முன்னோரின் இரக்கத்தை இந்நாட்டு உழவர் எதைக் கொண்டு நம்பினர்?

கொடிகள் பல, நீர் ஒன்று

காரைக்கால் காவிரியின் கடைமடைப் பகுதி. 1739இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் இதனைப் பெற்றனர். வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியக் கொடி பறந்தது. தெற்கே நாகப்பட்டினத்தில் 1781 வரை டச்சுக் கொடி பறந்தது. ஒரு நாள் வழிநடைக்குள் மூன்று கொடிகள்! எனினும் வயல்களுக்கு வந்த நீர் ஒன்றே. மேலே தஞ்சைச் சீமையில் கரை உடைந்தால் கீழே கடைமடை காயும்.

1780இல் தொடங்கிய ஐதர் அலியின் போர், 1781இல் இப்படுகையினுள் புகுந்தது. விளைச்சல் அழிந்தது, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன, பாசன வழிகள் சிதைந்தன. ஊர்ப்புறங்களிலிருந்து ஓடிவந்த மக்கள் தஞ்சைக் கோட்டையினுள் நிறைந்தனர். தெருக்களில் பட்டினிச் சாவுகள் நாள்தோறும் நிகழ்ந்தன.

ஆனால் வெளியே சில ஊர்களில் நெல் இருந்தது. அதனை ஏற்றிவர மாடுகளும் இருந்தன. இல்லாதது நம்பிக்கை ஒன்றே. அரசனின் அலுவலரும் கும்பெனியின் அலுவலரும் கொள்முதல் செய்துவிட்டு உரிய விலை கொடார் என்பதை உழவர் பட்டறிந்திருந்தனர். அரசன் ஆணையிட்டும் ஒருவரும் வண்டி கட்டவில்லை. அந்நிலையில்தான் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் விலைக்குத் தாமே பொறுப்பேற்று வாக்குக் கொடுத்தார். குறுகிய காலத்தில் ஓராயிரம் மாடுகள் வந்து சேர்ந்தன. 80,000 கலம் தானியம் கோட்டையை அடைந்தது. நெருக்கடி தீர்ந்தபின் அவர் ஒவ்வொருவருக்கும் பணத்தைச் செலுத்தி, சிறு அன்பளிப்பும் தந்து அனுப்பினார். 1782இல் கர்னல் பிரெய்த்வெயிட்டின் படை பிடிபட்டதும் பஞ்சம் மீண்டும் நெருங்கியது. அப்பொழுதும் உழவர் அவர் சொல்லையே நம்பி வந்தனர்.

நம்பிக்கை விளைந்த விதம்

இந்நம்பிக்கை பஞ்ச காலத்தில் பிறந்ததன்று. 1750இல் தரங்கம்பாடியில் இறங்கிய சுவார்ட்ஸ், பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் 1778 முதல் தஞ்சையிலும் மக்களிடையே வாழ்ந்தார். தமிழைக் கற்றார், சோறும் காய்கறியுமாக எளிய உணவு உண்டார், மணம் செய்துகொள்ளவில்லை. 1779இல் கும்பெனியின் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்றபோது ஐதர் அலி வழிச் செலவுக்கென அளித்த 300 ரூபாயைக் கும்பெனி அரசிடம் ஒப்படைக்க முனைந்தார். அவரே வைத்துக்கொள்ளுமாறு அவர்கள் கூறவே, அதனைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளி நிதிக்கு முதலாக்கினார். கொடுத்த பணத்துக்குக் கணக்கும், சொன்ன சொல்லுக்குச் செயலும் இவரிடம் உண்டு என்பதை நாடு முப்பது ஆண்டுகளாகப் பார்த்திருந்தது. போருக்குப் பின், அதிகாரிகளின் கொடுமைக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடியிருந்த குடிகளுள் 7,000 பேர் ஒரே நாளில் திரும்பி வந்ததும் அவருடைய வாக்கை நம்பியே.

இங்கே இரண்டு செய்திகளை மறைத்தலாகாது. ஒன்று, சுவார்ட்ஸ் கும்பெனியின் ஊதியம் பெற்ற போதகருமாவார். அவர் வருவித்த தானியம் பசித்த ஏழைகளை மட்டுமன்றி, கோட்டையைக் காத்த படையையும் ஊட்டியது. குடிகளை வருத்திய அதே ஆட்சி அதனால் நிலைபெற்றது. இரக்கச் செயல் அதிகாரத்துக்கும் பயன்படக்கூடும் என்னும் இச்சிக்கலிலிருந்து அவர் தப்பவில்லை, நாமும் தப்பவில்லை. மற்றொன்று, அவ்வாக்கை ஊர் ஊராகச் சுமந்து சென்றவர்கள் உபதேசியார்கள். பகைவரின் குதிரைப்படை திரிந்த வெளியில் உயிரைப் பணயம் வைத்துச் சென்றவர்கள் அவர்களே. சுவார்ட்ஸ் 1798 பிப்ரவரி 13இல் மறைந்தபின், சரபோசி மன்னர் இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்வித்து அவர் நினைவைப் போற்றினார். அந்த உபதேசியார்களின் பெயர்களோ நாம் வழக்கமாகச் சொல்லும் வரலாற்றில் இடம்பெறுவதில்லை. உழவனின் திண்ணையில் அமர்ந்து, ஐயர் சொன்னால் பணம் வரும் என்று கூறிய தமிழனின் முகத்தைப் பார்த்தல்லவா அவன் களஞ்சியத்தைத் திறந்திருப்பான்?

நமக்குரியது

நம் ஆண்டவர் திரளான மக்களைக் கண்டு மனதுருகினார் எனச் சுவிசேஷகர் கூறுமிடத்தில் வரும் கிரேக்கச் சொல் குடலைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது. குடல் பதறுதல் என்று நாமும் சொல்லுகிறோம். ஆனால் அப்பதற்றம் அவரிடத்தில் அவ்வளவில் நிற்கவில்லை. மக்களைப் பந்தியிருக்கச் செய்தார், அப்பத்தைச் சீடர் கையில் கொடுத்தார், மீந்த துணிக்கைகளையும் சேர்ப்பித்தார். மனதுருக்கத்துக்கு ஒழுங்கும் உண்டு.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை காரைக்கால், தரங்கம்பாடி, நாகப்பட்டினக் கரைகளைத் தாக்கியபோது இரக்கம் பெருகி வந்ததை நாம் கண்டோம். அத்தகைய நாளில் கொடுப்பது அரிதன்று. ஆனால் இடருற்றவன் கதவைத் திறந்து நம்மை உள்ளே அழைப்பானா என்பது, இடர் இல்லாத நாள்களில் நாம் எவ்வாறு நடந்தோம் என்பதைப் பொறுத்தது. விதவைக்குச் சொன்ன உதவித்தொகை சொன்ன நாளில் போய்ச் சேர்ந்ததா? நிதிக் கணக்கு சபையார் முன் வாசிக்கப்பட்டதா? சிற்றூரில் ஊழியம் செய்யும் உபதேசியாருக்கு உரிய படி தடையின்றிக் கிடைத்ததா? பிரசங்க பீடத்தில் இரக்கத்தைப் பற்றிப் பேசுமுன் போதகன் இவ்வினாக்களுக்கு விடை கூறட்டும். தஞ்சை உழவர் சுவார்ட்ஸ் ஐயரின் பிரசங்கத்துக்காக மாடு பூட்டவில்லை. அவர் கடனை அடைப்பவர் என்பதற்காகவே பூட்டினர்.