கடல்வேலியும் வெக்கை நோயும்

யாழ்ப்பாணத் தீவகத்தின் பொருளியல் வரலாற்றில் கடல்வாணிகத்துக்கு அளிக்கப்படும் இடம் கால்நடைக்கு அளிக்கப்படுவதில்லை. ஒல்லாந்தர் நெடுந்தீவிற் குதிரை வளர்த்தமை யாவரும் அறிந்ததே. அத்தீவின் மேய்ச்சல் நிலத்தோடு, நாற்புறமும் சூழ்ந்த கடலின் பயனும் ஈண்டு நோக்கற்பாலது. உள்ளே மேயும் விலங்கு வெளியேறாது. நோயுற்ற விலங்கும் தோணியேறாது உட்புக முடியாது. கடல் செலவில்லா வேலி.

இதே வேலி பாக்கு நீரிணை வடிவில் இலங்கை முழுமைக்கும் வாய்த்தது. மாட்டு மந்தைகளை அடியோடு மாய்க்கவல்ல வெக்கை நோய், இந்தியாவிலிருந்து இறைச்சிக்கென இறக்கப்படும் விலங்குகளுடன் வரக்கூடியதாயிருந்தது. விலங்குகளின் தொற்றுநோய்களைத் தடுக்க 1909 இல் கட்டளைச் சட்டம் பிறந்தது. 1940 களின் நடுப்பகுதிக்குப் பின்னர் ஏறத்தாழ நான்கு தசாப்தங்கள் அந்நோய் இங்கு தோன்றவில்லை.

1987 இல் வேலி திறந்தது. இந்திய அமைதி காக்கும் படையினரின் உணவுக்கெனக் கொணரப்பட்ட ஆடுகளுடன் நோய் மீண்டும் புகுந்தது என்பது கால்நடை மருத்துவ அறிஞர் பலரின் முடிபு. இந்நோய் ஆட்டிற் பலவேளை மென்மையாகவே வெளிப்படும், மாட்டிலோ உயிர்கொல்லியாகும். பொருளியலாளர் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. ஆட்டிறைச்சியை உண்டவர் அதன் விலையை மட்டுமே கொடுத்தார். உழவெருதையும் கறவைப்பசுவையும் இழக்கும் இடர், அவ்வாட்டைக் கண்ணாலும் காணாத குடியானவருடையது. வந்த விலங்கைச் சில வாரம் ஒதுக்கிவைத்துத் தீனியிடும் செலவு, பின்னர் போர்க்காலத்தில் ஊர் ஊராகத் தடுப்பூசி கொண்டுசெல்லும் செலவின் முன் அற்பமானது. தன் பைக்குத் திரும்பாத மிச்சத்துக்காக இறக்குமதியாளன் அதனையும் செலவிடான். எனவே அரசு கட்டாயப்படுத்த வேண்டியதாயிற்று. நாட்டில் நோய் இறுதியாகக் காணப்பட்டது 1994 இல். உலகிலிருந்தே அது ஒழிந்ததாக 2011 இல் அறிவிக்கப்பட்டது.

வெக்கை நோய் மனிதரைத் தொற்றுவதன்று. கருச்சிதைவை விளைக்கும் புரூசெல்லா நோயும் மாட்டுக் காசநோயும் அத்தகையன அல்ல. அறுப்பவரையும் அவை பற்றும். 1990 களின் இடப்பெயர்வின்போது தீவக மக்கள் விட்டுச்சென்ற மாடுகள் கட்டாக்காலிகளாகின. அனுமதியின்றி அறுத்த இறைச்சி தீவகத்திலிருந்து யாழ்நகருக்குக் கொண்டுசெல்லப்படுகையிற் பிடிபட்ட செய்திகள் பின்னர் பலகால் வெளிவந்துள்ளன. அனுமதி பெற்ற கடைக்காரர் உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டணஞ் செலுத்திப் பரிசோதகரின் வரவுக்குக் காத்திருக்கிறார். மறைவில் அறுப்பவனுக்கு இவ்விரு செலவுமில்லை. அவனுடைய இறைச்சியே மலிவானது.