பெட்டிக்குள் ஓர் அட்டவணை: மாற்று ஈசியூ வந்த கதையும் அதைத் தேர்ந்தெடுக்கும் வழியும்



இடைநிலைப்பள்ளியிலோ தொழிற்கல்லூரியிலோ பாடம் நடத்துபவரா நீங்கள்? அப்படியானால் இந்தக் கேள்வி உங்கள் காதில் ஒரு முறையாவது விழுந்திருக்கும்: "சார், வீராவுல டர்போ என்ஜின் ஏத்தியாச்சு. எந்த ஈசியூ போட்டா நல்லா ஓடும்?" கேட்பவன் பெரும்பாலும் படித்து முடித்து வேலைக்குப் போய், முதல் சில மாதச் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருக்கும் முன்னாள் மாணவன். நமக்கு இது தெரியாத துறை என்று சிரித்து விட்டுவிடுகிறோம். ஆனால் அவன் அடுத்துப் போகும் இடம் பட்டறை. அங்கே எது கையிருப்பில் இருக்கிறதோ அதுதான் "நல்லது". மூன்று மாதச் சம்பளம் ஒரு பெட்டிக்குப் போகும். பொருந்தாத பெட்டி என்றால் என்ஜினும் சேர்ந்து போகும்.

எந்தப் பிராண்டு என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. கடையில் ஏன் இத்தனை வகை இருக்கின்றன என்று சொல்ல முடிந்தால் போதும். அது வரலாற்றுக் கேள்வி, நம்முடைய களம்.

முதலில் அடிப்படை. பெட்ரோல் என்ஜின் ஓயாமல் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடுகிறது. இப்போது உள்ளே வந்த காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல்? எந்தக் கணத்தில் தீப்பொறி? 14.7 பங்கு எடையுள்ள காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பது வேதியியல் தரும் கணக்கு. பழைய கார்களில் இந்தக் கணக்கைப் போட்டது கார்புரேட்டர். குறுகிய கழுத்து வழியே காற்று விரையும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த உறிஞ்சலில் பெட்ரோல் தானாக மேலேறும். தீப்பொறி நேரத்தை டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளும் ஸ்பிரிங்குகளும் பார்த்துக்கொண்டன. 1985இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவும் கார்புரேட்டர் வண்டிதான். கணினி இல்லை, அட்டவணை இல்லை. ஸ்குரூ டிரைவர் இருந்தால் போமன் கணக்கை மாற்றிவிடுவார்.

இந்தக் கணக்கை மின்னணுவிடம் கொடுக்கலாம் என்ற யோசனை நாம் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1957இல் 'எலெக்ட்ரோஜெக்டர்' என்ற முறையை அறிவித்தது. என்ஜினில் உள்ள உணரிகள் தகவல் அனுப்பும். ஒரு பெட்டி அதைப் பார்த்து, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்யும். இன்றைய ஈசியூவின் வேலையும் அடிப்படையில் இதுதான். கிரைஸ்லர் நிறுவனம் 1958ஆம் ஆண்டு மாடல்களில் இதை விற்றது. சுமார் 35 கார்களில்தான் பொருத்தினார்கள். அவற்றிலும் பெரும்பாலானவற்றுக்குப் பிறகு கார்புரேட்டரையே திரும்ப மாட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. யோசனையில் குறையில்லை. என்ஜின் சூட்டையும் பக்கத்தில் ஓடும் மின்சார இரைச்சலையும் தாங்கும் மின்னணுப் பாகங்கள் அன்று இல்லை, அவ்வளவுதான். இந்த இடத்தை மாணவர்களிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள். இன்றும் மாற்று ஈசியூ போட்ட வண்டி நடுரோட்டில் நின்றால், காரணம் பல நேரம் பெட்டியின் மூளை அல்ல. மோசமான எர்த், சூட்டில் இளகிய ஒயர், இரைச்சல் கலந்த சிக்னல். பிராண்டுக்கு 3 மணி நேரம் யோசிப்பவர்கள் ஒயரிங்குக்கு 3 நிமிடம்கூட யோசிப்பதில்லை.

பெண்டிக்ஸின் காப்புரிமைகள் ஜெர்மனியின் போஷ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. 1967இல் போஷ் 'டி-ஜெட்ரானிக்' முறையை ஃபோக்ஸ்வேகன் 1600 காரில் கொண்டுவந்தது. இடைப்பட்ட பத்தாண்டில் டிரான்சிஸ்டர் தேறியிருந்தது. அதைவிட முக்கியம், அமெரிக்கா புகைக்குக் கட்டுப்பாடு விதிக்கத் தொடங்கியிருந்தது. வேகத்துக்காக வந்த கணினி என்று நம் பையன்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். உண்மையில் காருக்குள் கணினியை ஏற்றியது புகைச் சட்டம்தான்.

'டி' என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. என்ஜினுக்குள் போகும் குழாயில் அழுத்தம் எவ்வளவு என்று அளந்து, காற்று இவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் முறை அது. 1970களின் நடுவில் பரவிய 'எல்-ஜெட்ரானிக்' முறையில் 'எல்' என்றால் காற்று. ஒரு தகட்டைக் காற்று தள்ளும் அளவைப் பார்த்து, வரும் காற்றையே நேரடியாக அளந்தது.

இந்த இரண்டு எழுத்துகளின் சண்டை இன்னும் முடியவில்லை. அழுத்தத்தை வைத்து ஊகிப்பவன், என்ஜின் மூச்சு விடும் விதம் மாறினால் ஏமாந்துபோவான். கேம் ஷாஃப்டை மாற்றினால் அட்டவணையைப் புதிதாக எழுத வேண்டும். காற்றை நேரடியாக அளப்பவன் சின்னச் சின்ன மாற்றங்களைச் சமாளிப்பான். ஆனால் டர்போ வண்டியில், கியர் மாற்றும்போது "புஸ்ஸ்" என்று காற்றை வெளியே விடும் வால்வைப் போட்டீர்களா, அவன் ஏற்கெனவே எண்ணிவிட்ட காற்று என்ஜினுக்குள் போகாமல் வெளியே போய்விடும். பெட்ரோல் மட்டும் கணக்குப்படி கொட்டும், கரும்புகை. அந்தச் சத்தத்துக்காகவே வால்வு வாங்கும் பையன்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேட்பார்கள்.

1976இல் வோல்வோ கார்களில் லாம்டா உணரி வந்தது. புகைக்குழாயில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடித்து, "பெட்ரோல் கூடிவிட்டது, குறைந்துவிட்டது" என்று பெட்டிக்குத் திருப்பிச் சொல்லும். 1979இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் போஷ் 'மோட்ரானிக்'. பெட்ரோல், தீப்பொறி ஆகிய இரண்டு கேள்விகளும் ஒரே டிஜிட்டல் பெட்டிக்குள் வந்துவிட்டன. விடைகள் ஓர் அட்டவணையாக நினைவகச் சில்லில் பதிந்திருந்தன. கிடைவரிசையில் என்ஜின் சுழற்சி வேகம், நெடுவரிசையில் பளு, கட்டங்களில் எண்கள். நம் பள்ளிப் பெருக்கல் வாய்ப்பாடு போலத்தான்.

ஸ்குரூ டிரைவர் காலம் அதோடு போயிற்று. அட்டவணை தொழிற்சாலைக்குச் சொந்தம். அசல் என்ஜினுக்கு எழுதிய எண்கள் அவை. பெரிய டர்போவோ பெரிய இன்ஜெக்டரோ மாட்டினால் அந்த எண்கள் பொய்யாகிவிடும். ஆனால் திருத்த வழியில்லை. கடையில் நீங்கள் பார்க்கும் ஒவ்வொரு வகை மாற்று ஈசியூவும் இந்தப் பூட்டைத் திறக்கக் கண்டுபிடித்த ஒரு வழிதான்.

முதல் வழி சில்லையே மாற்றுவது. 1980களில் பல பெட்டிகளுக்குள் இருந்த சில்லில் ஒரு சின்னக் கண்ணாடிச் சாளரம் இருக்கும். புற ஊதா ஒளி காட்டினால் எழுதியது அழிந்துவிடும், புதிதாக எழுதலாம். பிறகு வந்த கார்களில் சில்லைக் கழற்றாமலே எழுத முடிந்தது. இன்று 'ரீமேப்' என்பது இதன் பேரப்பிள்ளை. அசல் பெட்டி, அசல் ஒயரிங், எண்கள் மட்டும் வேறு. மாற்றம் சிறியது, அந்த மாடலைத் திறக்கும் மென்பொருளும் கிடைக்கிறது என்றால், இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பது என் கணிப்பு.

இரண்டாவது வழி ஜப்பானில் செழித்தது. எச்.கே.எஸ். நிறுவனத்தின் எஃப்-கான், அபெக்ஸியின் எஸ்-ஏஎஃப்சி போன்றவை. 'பிக்கிபேக்' என்பார்கள். அசல் ஈசியூவுக்கும் உணரிக்கும் நடுவில் உட்கார்ந்து சிக்னலைத் திருத்தும் பெட்டி. எஸ்-ஏஎஃப்சி செய்ததைப் பாருங்கள். பெரிய இன்ஜெக்டர் மாட்டியாச்சு, பெட்ரோல் அதிகம் போகிறது. உடனே அந்தப் பெட்டி ஈசியூவிடம், "காற்று குறைவாகத்தான் வருகிறது" என்று பொய் சொல்லும். ஈசியூ நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். கணக்கு சரியாகிவிட்டது போலத் தோன்றும்.

ஆனால் ஈசியூ அதே காற்று எண்ணை வைத்துத்தான் தீப்பொறி நேரத்தையும் தேடுகிறது. காற்று குறைவு என்றால் பளு குறைவு, பளு குறைவு என்றால் தீப்பொறியை முன்கூட்டியே கொடுக்கலாம் என்று அட்டவணை சொல்லும். நிஜத்தில் டர்போ முழு மூச்சில் காற்றைத் திணித்துக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் தீப்பொறி முந்தினால், எரியாமல் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் 'நாக்கிங்'. தொடர்ந்து நடந்தால் பிஸ்டனில் ஓட்டை. சின்ன மாற்றத்துக்குச் சின்னப் பொய் தாங்கும். பெரிய மாற்றத்துக்கு இந்தப் பெட்டி வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லலாம்.

மூன்றாவது வழி, பழைய பெட்டியைத் தூக்கிவிட்டு, அட்டவணை முழுவதையும் நாமே எழுதக்கூடிய பெட்டியைப் போடுவது. 'ஸ்டேண்ட்-அலோன்'. இதில் ஆஸ்திரேலியர்கள் முன்னால் நின்றார்கள். ஹால்டெக் 1986இல் சிட்னியில், மோட்டெக் 1987இல் மெல்பர்னில். சொந்தக் கணினியைச் செருகி எண்களைத் திருத்தலாம். அப்போது விலை சாதாரண ஆளுக்கு எட்டாத உயரம்.

என்னைக் கேட்டால், வகுப்பறைக்கு ஏற்ற கதை அடுத்து வருவது. அமெரிக்காவில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இருவர் 2001இல் 'மெகாஸ்குவர்ட்' என்ற பெட்டியை வெளியிட்டார்கள். பெட்டி என்றா சொன்னேன்? உதிரிபாகங்கள். சர்க்யூட் பலகையும் வரைபடமும் கிடைக்கும். வாங்குபவர் தானே சால்டரிங் செய்து முடிக்க வேண்டும். விலையுயர்ந்த செயலிக்குப் போகாமல் எளிய 8-பிட் சில்லைப் பயன்படுத்தினார்கள். பெட்ரோல் அட்டவணை 8க்கு 8, மொத்தம் 64 கட்டங்கள். முதல் பதிப்புக்குத் தீப்பொறியைக் கட்டுப்படுத்தத் தெரியாது. வாங்கியவர்கள் நிரலைத் திருத்தி அதையும் சேர்த்தார்கள். அறிவை மறைக்காமல் கொடுத்தால் வாங்குபவன் மாணவனாகிவிடுகிறான் என்பதற்கு நல்ல சான்று. சால்டரிங் சரியில்லாமல் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இனி நம் பையனின் வீராவுக்கு வருவோம். 1993இல் வந்த வீரா, மிட்சுபிஷி லான்சரின் உடன்பிறப்பு. அதனால்தான் ஜப்பானிலிருந்து பாதியாக அறுத்து வரும் லான்சர் 'ஹாஃப்-கட்'டின் 1.8 லிட்டர் டர்போ என்ஜின் அதில் அழகாக உட்காருகிறது. அந்த ஹாஃப்-கட்டோடு அசல் ஈசியூவும் ஒயரிங்கும் சேர்ந்து வந்தனவா? என்ஜினில் வேறெதையும் மாற்றவில்லையா? அப்படியானால் எதுவும் வாங்காதே என்பதுதான் நேர்மையான பதில். அந்தப் பெட்டி அந்த என்ஜினுக்காகவே எழுதப்பட்டது. பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர் என்று போகத் தீர்மானித்துவிட்டால் ஸ்டேண்ட்-அலோன். அப்போது கேட்க வேண்டியவை சில. என்ஜினின் சுழற்சியைச் சொல்லும் சக்கரத்தின் பல் அமைப்பை இந்தப் பெட்டி படிக்குமா? என்ஜினில் இருக்கும் இன்ஜெக்டரின் மின்தடைக்கு இது ஒத்துவருமா, இடையில் ரெசிஸ்டர் வேண்டுமா? பரந்த அளவை அளக்கும் ஆக்சிஜன் உணரி பட்ஜெட்டில் இருக்கிறதா? பழைய லாம்டா உணரிக்கு 14.7இன் பக்கத்தில் மட்டுமே கண் தெரியும். முழு டர்போவில் கலவை 11, 12 என்று இறங்கும்போது அது குருடு.

எல்லாவற்றையும்விட, பையன் இருக்கும் ஊரில் டைனோவில் ஏற்றி அந்தக் கட்டங்களை நிரப்பத் தெரிந்தவர் யார்? அவர் எந்தப் பிராண்டில் கை பழகியவர்? ஈப்போவில் இருப்பவன், ஜோகூரில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த பெட்டியை வாங்கி என்ன செய்ய? வெற்று அட்டவணையோடு வரும் விலையுயர்ந்த பெட்டியைவிட, நன்றாக நிரப்பிய நடுத்தரப் பெட்டி எவ்வளவோ மேல்.

எண் பயிற்சி வேண்டுமென்றால் இதைக் கொடுங்கள். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு சுற்றுக்கு 10 மில்லிவிநாடி. நான்கு வீச்சு என்ஜினில் ஒரு சிலிண்டருக்கு இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல். ஆக மொத்தம் 20 மில்லிவிநாடி. இன்ஜெக்டர் 18 மில்லிவிநாடி திறந்தே இருக்கிறது என்றால் எத்தனை விழுக்காடு? 90. இன்ஜெக்டர் சிறிதாகிவிட்டது என்று மாணவனே கண்டுபிடித்துவிடுவான்.

சட்டத்தையும் விடக்கூடாது. மலேசியாவில் என்ஜினை மாற்றினால் வாகனச் சோதனையும் ஜேபிஜே ஒப்புதலும் தேவை. சிங்கப்பூரில் எல்டிஏ இன்னும் கறார். பேப்பர் இல்லாத என்ஜினுக்கு எவ்வளவு நல்ல ஈசியூ போட்டாலும், விபத்து நடந்தால் காப்புறுதி விஷயத்தில் பையன் மாட்டிக்கொள்வான்.

கடைசியாக ஒன்று. சில டியூனர்கள் தாங்கள் எழுதிய அட்டவணைக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிடுவதுண்டு; அடுத்தவர் திறக்க முடியாது. பணம் கட்டும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்: "அண்ணே, வேலை முடிஞ்சதும் மேப் ஃபைலைப் பூட்டாம பென்டிரைவ்ல போட்டுத் தருவீங்களா?"