ராயப்பனும் பெட்ரும்

கார்டிஃப் ஒரு காலத்தில் நிலக்கரியை ஏற்றி அனுப்பிய துறைமுகம். எண்ணூர் அதை இறக்கிக்கொள்ளும் துறைமுகம். வேல்ஸுக்கும் வடசென்னைக்கும் இப்படி ஓர் உறவு சொல்லலாம். பிள்ளைக்குப் பெயர் வைப்பதில்தான் இரண்டும் வேறு வழி போனவை.

இரு கரைக்கும் வந்து சேர்ந்தவர்கள் அதே புனிதர்கள்தாம். வேல்ஸ்காரர்கள் பெயரின் ஓசையை வாங்கித் தங்கள் வாய்க்கு வளைத்துக்கொண்டார்கள். பீட்டர் பெட்ர் ஆனார், ஸ்டீபன் ஸ்டெஃபன் ஆனார், டேவிட் டெவி ஆனார். ஜான் ஒருவரே யோவன், ஈவன், ஷோன் என்று பல உருவில் திரிகிறார். உள்ளே என்ன பொருள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தமிழ்க் கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். யோவான் என்ற எபிரேயப் பெயரில் கடவுளின் அருள் இருக்கிறது; ஆகவே அருளப்பன். பவுல் லத்தீனில் 'சிறியவர்'; ஆகவே சின்னப்பன். ஸ்டீபனின் கிரேக்க மூலம் மகுடம், முடியப்பன். முடியப்பன் என்று ஒருவரைக் கூப்பிடும்போது ஸ்டீபன் நினைவுக்கு வருவாரா? அவ்வளவு ஆழமாகத் தமிழாகிவிட்டது அந்தப் பெயர். பீட்டர் மட்டும் விதிவிலக்கு. கிரேக்கத்தில் அவர் பாறை. நியாயப்படி கல்லப்பன் என்றிருக்க வேண்டும். நம்மவர்கள் பொருளை விட்டுப் பதவியைப் பிடித்தார்கள்: சீடர்களுக்குத் தலைவர், எனவே ராயப்பர். வடசென்னையில் படகுத் தொழிலாளர்கள் எழுப்பிய அவர் கோயிலால் ஊரும் ராயபுரம் ஆனது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையத்தின் பலகையிலும் அவரே நிற்கிறார்.

ஓசையை வாங்கியதும் இங்கே உண்டு. சூசை, சந்தியாகு எல்லாம் போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தவை. வேல்ஸின் யாகோவும் நம் சந்தியாகுவும் ஒரே ஆள்.

அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வதிலும் ஒற்றுமை உண்டு. 'ரீஸின் மகன்' என்று பொருள்படும் 'அப் ரீஸ்' இறுகிப் பிரைஸ் என்ற குடும்பப் பெயராயிற்று. அங்கே அப்பா பெயர் உறைந்துபோனது. இங்கே அது இனிஷியலாகித் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

இப்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகின்றன. வேல்ஸ் தன் பழங்கதைகளைத் தோண்டுகிறது. 'மபினோகி' கதையில் ஞானஸ்நானம் ஆன கையோடு கடலுக்குள் பாய்ந்து மீனைப்போல் நீந்தும் குழந்தை டிலன். 1914இல் ஸ்வான்சியில் பிறந்த கவிஞர் டிலன் தாமஸால் உலகறிந்த பெயர். மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பேன். ராயபுரத்திலோ மொழிபெயர்த்த பெயர்கள் தாத்தாக்களோடு நிற்கின்றன. 1995இன் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பே பேதுரு, யோவான், பவுல் என்று மூல ஓசைக்குத் திரும்பிவிட்டது. ராயப்பனின் பேரனுக்குப் பேதுரு என்றும் வைப்பதில்லை, பீட்டர்தான். இங்கிலீஷில் அலட்டுகிறவனைப் 'பீட்டர் விடுறான்' என்று கிண்டலடிக்கிற அதே சென்னையில்.